குதிகாலுக்கு அடியில் ஒரு வெற்றிலை

திருச்சி ஜில்லாவிலேயே நாற்காலியைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் பஸ்கியார்தான். மனிதர்களையும் சந்தேகப்படுவார், ஆனால் அதில் அவருக்குப் போட்டிக்கு ஆள் உண்டு. நாற்காலி விஷயத்தில் அவர் தனி ஆள்.

யுத்த காலம் அது. அரியலூரில் கடலை மண்டி வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் மண்டிப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. விடிந்ததும் மண்டி வாசலில் பஸ்கி போடுவார். தொடை கெண்டைக்காலில் போய் உட்காரும் வரை இறங்கி, கையைத் தரையில் ஊன்றாமல் எழுவார். பாதியில் எழுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"வெள்ளைக்காரன் நமக்கு ஏன் நாற்காலி குடுத்தான்னு யோசிச்சியா?" என்று கடலை விற்க வந்தவரைப் பிடித்துக்கொள்வார். "நம்ம முட்டியப் புடுங்கத்தான். முட்டி போயிட்டா எவன் எந்திரிச்சு நின்னு கேள்வி கேப்பான்?"

மூட்டை தூக்குகிறவர்களிடமும் இதே பாடம்தான். "முதுக வளைக்காத. நல்லா குந்தித் தூக்கு. ஆண்டவன் பலத்தத் தொடையிலதான் வெச்சிருக்கான்." இடுப்பு வலி, மலச்சிக்கல், முன்கோபம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து. இப்படி இறங்கினால் முட்டி தேய்ந்துவிடும் என்று ஒரு டாக்டர் சொல்லிப் பார்த்தார். "நீங்க கடைசியா எப்ப தரையில குந்துனீங்க?" என்று கேட்டார் பஸ்கியார். அதற்குப் பிறகு டாக்டர் எதிர்ச்சாரியிலேயே நடக்க ஆரம்பித்தார்.

குதிகால் தரையில் பதிய வேண்டும் என்பது அவர் சட்டம். அதிலும் யாரையும் நம்பமாட்டார். குதிகாலுக்கு அடியில் ஒரு வெற்றிலையைச் செருகி, ஆள் இறங்கியதும் காம்பைப் பிடித்து இழுப்பார். இலை கிழிந்தால் யோக்கியன். முழுசாக வந்தால் திருட்டுப்பயல். கடலையைப் பதுக்கியிருக்கிறாரா என்று சோதனை போட வந்த கான்ஸ்டபிளுக்கு இவர் சோதனை போட்டு அனுப்பினார். இலை முழுசாக வந்தது. கான்ஸ்டபிள் அப்புறம் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. அவருடைய ஒரே மகளுக்கு அப்படி இல்லை. பெண் பார்க்க வருகிறவனுக்கும் இதே வெற்றிலைதான். கீழப்பழுவூர் மாப்பிள்ளைக்கு இலை முழுசாக வந்துவிட்டது. செந்துறை மாப்பிள்ளைக்குக் கிழிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியாமல், கூட வந்தவர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப்போனார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய வயசு.

"நீங்க மாப்பிள்ளை பாக்குறீங்களா, சந்தையில மாடு பாக்குறீங்களா?" என்று அவர் மனைவி அழுதுகொண்டே கேட்டதுதான் மிச்சம்.

அந்த வீட்டுக்குத்தான் பெரம்பலூரிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி, என் மாமனுடன் நான் பெண் பார்க்கப் போனேன். நான் ஆபீஸ் குமாஸ்தா. உள்ளே நுழையும்போதே ஜன்னல் பக்கம் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். இந்த இடம் போனால் போகட்டும் என்று அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

"சேர்ல ஒக்காந்து வேலை பாக்குறீங்களாமே?" என்றார் பஸ்கியார். ஜெயிலில் இருந்தீர்களாமே என்று கேட்பது போல இருந்தது.

இறங்கினேன். எலும்பெல்லாம் சத்தம் போட்டது. அவர் இழுத்தார். இலை கிழிந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அழுகின இலையோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, எந்திரிங்க."

முடியவில்லை. மாமன் உத்தரத்தை எண்ணுவது போல மேலே பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் அவள் காப்பித் தட்டோடு வந்தாள். குனிந்து நீட்டாமல், தட்டு ஆடாமல், எனக்கு நேராக முழுசாகக் குந்தினாள்.

"மூச்ச இழுத்துப் புடிங்க. முட்டிய வெளிப்பக்கமாத் தள்ளி, குதிகால நல்லா அழுத்துங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எழுந்துவிட்டேன். கூடவே அவளும் எழுந்தாள். ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை. பஸ்கியார் கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தார். மறு முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

ஆனால் சந்தேகம் தீரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். "மாப்ள, உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கி எப்படி எந்திரிச்சீங்க?"

"தொடை பலம் மாமா."

"நம்புற மாதிரி இல்லியே."

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தார். எத்தனையோ மூட்டை தூக்கிய கால்கள் குச்சியாகிவிட்டன. ஒரு நாள் அவரைத் தாங்கி உட்கார வைத்தபோது அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"உங்க பொண்ணு சொல்லிக் குடுத்தா மாமா."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அப்ப ஏன் இத்தனை வருஷமா கேட்டீங்க?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவளுக்குக் கத்துக் குடுத்ததே நாந்தான. செந்துறைக்காரன் மாட்டிக்கிட்டப்பவும் அவதான் காப்பி கொண்டாந்தா. அவன் முன்னாடி அவ குந்தலியே மாப்ள."

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. காலையில் நான் இறங்கும்போது அவள்தான் வெற்றிலையை இழுக்கிறாள். இலை கிழியும்போதெல்லாம், பக்கத்தில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க அவர் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.