நீட்டு லென்ஸ்

"ஏன்டி, இது யாரு மூக்கு?" என்று கேட்டார் அம்மாக்கண்ணு.

மருமகள் நிஷாந்தி கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டிய படத்தில் மூக்குதான் முன்னால் நின்றது. வெகு பின்னால், அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல, இரண்டு கண்களும் ஒரு குங்குமப் பொட்டும் தெரிந்தன.

"ஒங்க மூக்குதான் அத்தே."

"எம் மூக்கு எனக்குத் தெரியாதா? அறுபது வருசமா மூஞ்சியில வச்சிருக்கேன்."

"இது அகலமா எடுக்குற லென்ஸ். கிட்ட வச்சு எடுத்தா கொஞ்சம் அப்படித்தான் தெரியும்."

"கொஞ்சமா?"

நல்லவேளையாகப் படம் தானாகவே திரையிலிருந்து மறைந்துவிட்டது.

நிஷாந்திக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனையில் ஒரு கல்யாணம். அவள் போட்டோ பிடிக்கப்போகிற முதல் கல்யாணம். இதுவரை போனில்தான் எடுத்திருக்கிறாள்: தோட்டத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள், பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி, இரண்டு மஞ்சள் நீராட்டு. படங்கள் நன்றாயிருப்பதாக நாலு பேர் சொல்லப்போய், ஹட்டனில் மீராசாஹிபின் கடையில் நேற்றுத்தான் ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினாள். "பொம்பளப் புள்ள தனியா எடுத்துருமா?" என்று கல்யாண வீட்டுக்காரர் இழுத்தபோது, "ஞாயித்துக்கெழம பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

கேமரா முடிவாகிவிட்டது. எந்த லென்ஸ் என்பதுதான் முடிவாகவில்லை. மீராசாஹிப் மூன்று லென்ஸ்களை ஒரு பையில் போட்டு நீட்டியிருந்தார். "கொண்டுபோயி எடுத்துப் பாருங்க தங்கச்சி. ஒண்ண வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் நாளைக்கு நாலு மணிக்குள்ள கொண்டாந்துருங்க. வேறொரு ஆளும் கேட்டிருக்காரு."

அந்த நாளை என்பது இன்று. கணவன் அழகன் விடியற்காலையிலேயே தேயிலைப் பெக்டரிக்குப் போய்விட்டான். மிச்சமிருந்த ஆள் மாமியார்தான். முழங்கால் வலி என்று இரண்டு வருடமாக ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதவர். அசையாமல் உட்காருவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கொட்டகலைப் பக்கமே கிடையாது.

அகல லென்ஸைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினாள். அது குட்டையானது. கடையில் அதை 'ஃபிஃப்டி' என்றார்கள். மூக்கை மூக்காகவே காட்டுமாம். காட்டியது. ஆனால் மூக்கும் ஒரு கண்ணும்தான் தெளிவாக வந்தன. இரண்டு காதுகளும் பனியில் கரைந்துபோயிருந்தன.

"புதுச் சீல முழுசா வரணும்டி. மூஞ்சிய மட்டும் எடுக்க நான் என்னா அடையாள அட்டைக்கா ஒக்காந்திருக்கேன்?"

சீலை முழுசாக வரவேண்டுமென்றால் பின்னால் போகவேண்டும். வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பின்னால் போக எவ்வளவு இடமிருக்கும்? கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே நிஷாந்தி வாசலைத் தாண்டி, இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள்.

"கால் தெரியுதா?"

"இன்னும் இல்ல அத்தே."

"அப்ப இன்னும் போ."

போனாள். அடுத்த அடி தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது. கான் ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பிரியந்தி அலசி வைத்திருந்த துணி வாளியும் கூடவே கவிழ்ந்தது.

பிரியந்தி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அடி கிடி பட்டிருச்சா?"

"முழங்கால்லதான் கொஞ்சம்..."

"நான் கேமராவக் கேட்டேன்."

ஒன்றரை மணிக்கு, ஈரப் பாவாடையோடு, நிஷாந்தி மூன்றாவது லென்ஸை எடுத்தாள். சுரைக்காய் நீளம் இருந்தது. இதற்குத் தூரம் வேண்டும். லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டில் ஏறி நின்றால் தோட்டத்தின் அந்தப் பிரிவு முழுவதும் காலடியில் கிடக்கும். ஏறினாள்.

கேமராவைக் கண்ணில் வைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கோ கீழே மேய்ந்த ஆட்டின் தாடி மயிர் மயிராகத் தெரிந்தது. மாரியம்மன் கோயில் சுவரில் சாயம் உரிந்த இடங்கள் தெரிந்தன. எதிர்மலையில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் விரலில் சுற்றியிருந்த துணித் துண்டுகூடத் தெரிந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கல்யாணப் பொண்ணின் மூக்குத்திக் கல்லைப் பிடித்துவிடலாம்! கேமராவை அங்குமிங்கும் திருப்பித் திருப்பி அழுத்தினாள்.

எதிர்மலையில் பேச்சு நின்றது. ஒருத்தி போனை அவசரமாக இடுப்பில் செருகினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் எழுந்த வேகத்திலேயே கொழுந்து எடுத்தார்கள். "தோட்டக் கம்பெனியில ஆள் வச்சுப் போட்டோ புடிக்கிறாங்களாம்" என்ற செய்தி ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குத் தாவியது.

பத்து நிமிடத்தில் கங்காணி சின்னராசா மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார். கொழுந்து மலையை மேற்பார்வை பார்ப்பவர். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. திருவிழாவுக்காக மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை கவிச்சி தொடக்கூடாது.

"யாரும்மா ஒன்ன அனுப்புனது? கம்பெனியா?"

"யாரும் அனுப்பல கங்காணி. சும்மா லென்ஸ் பாக்குறேன்."

"சும்மான்னா, என்னாத்தப் பாக்குற?"

லென்ஸைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் நிஷாந்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "இதுல எல்லாமே தெரியுது கங்காணி! கோயில் பக்கம்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு."

கங்காணியின் கை தானாகக் காப்பைத் தொட்டது.

"கோயிலுக்கு முன்பக்கமா, பின்பக்கமா?"

"எல்லாப் பக்கமுந்தான்."

கங்காணியின் முகம் போன போக்கைப் பார்த்து, தன்னைக் கம்பெனி ஆள் என்று நம்பிவிட்டார்போல என்று நினைத்தாள் நிஷாந்தி. படத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. "பயப்படாதீங்க, நீங்களே பாருங்க" என்று கேமராவைத் திருப்பினாள். திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

"ஏன் அணைச்ச?"

"நான் அணைக்கல. பேட்டரி முடிஞ்சிருச்சு."

"சரி, அழிச்சிரு."

"அழிக்கவும் பேட்டரி வேணுமே."

"அழிக்க மாட்ட. அப்படித்தானே?"

"ஐயோ, அழிக்கிறேன் கங்காணி! இப்ப ஹட்டன் கடைக்குத்தான் போறேன். அங்க பெரிய கம்பியூட்டர் இருக்கு. அதுல போட்டா இன்னும் பெருசா, தெளிவாத் தெரியும். பாத்து, எது வேணாமோ அத அழிச்சிரலாம்."

கங்காணி கோயில் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நானும் வர்றேன்" என்றார்.

உடை மாற்றி, மூன்று லென்ஸ்களையும் துடைத்துப் பையில் வைத்து, நிஷாந்தி மெயின் ரோட்டுக்கு இறங்கியபோது மணி இரண்டே முக்கால். பஸ் தரிப்பிடத்தில் கங்காணிக்குப் பக்கத்தில் அம்மாக்கண்ணு குடையோடு நின்றார்.

"நீங்க எங்கே அத்தே?"

"அந்த மூக்குப் படத்த அழிக்கிறத எங் கண்ணால பாக்கணும்."

பஸ் வந்து நின்றபோது மேலே சவுக்குத் தோப்பிலிருந்து ஒருவன் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தான். அழகன். பெக்டரி இருப்பது அதற்கு நேரெதிர்ப் பக்கம்.

"என்னாங்க, நீங்க இங்க?"

"மெஷின் பழுது" என்று சொல்லிக்கொண்டே அவன் அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினான். "தாங்கி மேட்டுல நின்னு நீதான் எடுத்தியாமே?"

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பாட்டு அலறியது. நிஷாந்தி நிமிடத்துக்கொருமுறை போனில் மணி பார்த்தாள். மூன்று பத்து. கங்காணி அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

"கேக்கல கங்காணி."

கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"என்னாது?"

கங்காணி மூச்சை இழுத்துப் பிடித்து, இருந்த குரல் எல்லாவற்றையும் திரட்டினார். அதே நேரத்தில் ரயில் கேட் மூடியிருக்கக் கண்ட டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பாட்டும் நின்றது.

"கோயிலுக்குப் பின்னால நான் முட்டை ரோல்ஸ் தின்ன படத்த மட்டும் அழிச்சிரும்மா!"

பஸ் முழுவதும் திரும்பியது. எல்லோருடைய கண்களும் காப்புக் கட்டிய கையில் வந்து நின்றன.

"எத்தன ரோல்ஸ்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒண்ணே ஒண்ணுதான்."

கண்டக்டர் பார்வையை மாற்றவில்லை.

"ரெண்டு" என்றார் கங்காணி.

நிஷாந்தி திகைத்துப்போனாள். அந்தப் பக்கம் அவள் கோயிலின் முன்சுவரையும் ஓர் ஆட்டையும்தான் பார்த்தாள். கங்காணியைப் பார்க்கவேயில்லை. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மாக்கண்ணு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"கோயிலுக்குப் பின்பக்கம் தெரிஞ்சிருந்தா, பக்கத்துல கொய்யா மரமும் தெரிஞ்சிருக்குமோ?"

"எல்லாமே தெரியுமாம்" என்றார் கங்காணி கசப்போடு.

அம்மாக்கண்ணு குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "நான் என்னா, நெதமுமா ஏறுறேன்? இன்னைக்குப் பழுத்திருந்துச்சு. ஏறுனேன்."

"மரத்துலயா? முழங்கால் வலின்னீங்களே அத்தே!"

"ஏறும்போது வலிக்காதுடி. எறங்கும்போதுதான்."

இரண்டு வருடமாகச் சுமந்த குடங்கள் எல்லாம் நிஷாந்தியின் இடுப்பில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அவள் ஏதோ சொல்லப்போகையில் அழகன் அவள் தோளைத் தொட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நிஷா, பாத்துட்டும் நீ ஒரு வார்த்த கேக்காம இருக்க பாரு, அதுதான் எனக்குத் தாங்கல. சத்தியமா பொம்பளகிட்ட இல்ல."

"எது?"

"சவுக்குத் தோப்புல ஒக்காந்து போன்ல பேசிக்கிட்டிருந்தது. அது கிளாஸ். வாரத்துல ரெண்டு நாள் பெக்டரிக்கு லீவு போட்டுட்டுக் கொரியா பாஷ படிக்கிறேன்."

"கொரியாவா?"

அவள் நம்பவில்லை என்று நினைத்து அவன் நிமிர்ந்து நின்றான். "அன்னியோங் ஹசேயோ" என்று கொரிய மொழியில் வணக்கம் சொன்னான்.

"யாருடா அண்ணி?" என்று அம்மாக்கண்ணு அதட்டினார். "நீதான்டா மூத்தவன். ஒனக்கு ஏது அண்ணி?"

ரயில் கடகடவென்று கடந்துபோயிற்று. கேட் திறந்தது. பஸ் புறப்பட்டதும் அழகன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பரீட்ச பாஸானா அங்க வேலைக்குப் போகலாம். பாஸானா ஒங்கிட்ட சொல்லலாம், பெயிலானா சொல்லாமலே விட்டுரலாம்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நீ கேமரா, கேமரான்னு எவ்வளவு சந்தோசமா ஓடிக்கிட்டிருந்த. அந்த நேரத்துல வந்து, நான் ஊரவிட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது?"

நிஷாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேயிலை மலைகள் ஓடின. கோபம் வந்தது, கோபத்துக்குக் கீழே வேறொன்றும் வந்தது. யாருமில்லாத தோப்பில் மரத்தடியில் உட்கார்ந்து, வாயில் நுழையாத சொற்களை முணுமுணுக்கிற ஒருவன். அவள் கவனிக்காத அந்தப் படம் கேமராவின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். இப்போது அதைப் பார்த்தே ஆகவேண்டும்போல் இருந்தது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதை அழிக்க விடமாட்டாள்.

கடைக்குள் நுழைந்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடம்.

"என்னா தங்கச்சி, ஒரு லென்ஸ் எடுக்கத் தோட்டமே வந்திருக்கு?" என்றார் மீராசாஹிப்.

"மீராசாஹிப் நானா, நீட்டு லென்ஸ எடுத்துக்கிறேன். ஆனா அதுக்கு முன்னால படத்தப் பாக்கணும்."

"பாக்கவெல்லாம் தேவையில்ல. மொதல்ல அழிக்கணும்" என்றார் கங்காணி.

"ரோல்ஸும் கொய்யா மரமும் போகட்டும்" என்றாள் நிஷாந்தி. "சவுக்குத் தோப்புப் படத்துல யாரும் கைவைக்கக் கூடாது."

"மூக்கு? அத மறந்துட்டியாடி?" என்றார் அம்மாக்கண்ணு.

அழகன் கண்ணாடி அலமாரியிலிருந்த கேமராக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான்.

மீராசாஹிபின் மகள் இஷ்ரா கேமராவை வாங்கி, சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியைப் போட்டாள். திரை வெளிச்சமானது. நாலு தலைகளும் கவுண்டரின் மேல் சாய்ந்தன. இஷ்ரா ஒரு பொத்தானை அழுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, அங்கிருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, எடுத்த படத்த கொஞ்ச நேரம் இது சும்மா காட்டும்; ஆனா உள்ள மெமரி கார்டே இல்லையே, காலையில இருந்து ஒண்ணுமே பதியலையே!"