ஸ்டெப்னி எலுமிச்சம்பழம்

“நீச்சல் தெரியாதவ போட்டு வாங்கப் போறாளாம்! கேட்டியா சேதிய?”

நான் படகு வாங்கப் போகிற இந்தச் சேதியை என் அத்தை ரகசியமாகச் சொல்லவில்லை. பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக் வாசலில் பந்தல் போட்டு ஒரு மஞ்சள் நீராட்டு விழா. ஒலிபெருக்கி ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மூச்சு வாங்கிய அந்த ஒரு நொடி பார்த்துச் சொன்னார். பந்தி மொத்தமும் சிரித்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் ஒரு பெரியவரின் பாயசம் சாம்பாராகிவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் ஸ்டெப்னி அண்ணன். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: “இன்னா இப்போ? கூட ரெண்டு டியூப் எடுத்துகினு போனா மேட்டர் முடிஞ்சுது.”

உலகத்தில் எது வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் பஞ்சராகலாம் என்று நம்பி, அதற்கு முழுத் தயாராக வாழ்கிற ஒரே மனிதர் அவர்தான். இதை எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். தாம்பரத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே ஜன்னலில் நின்று, “ஸ்டெப்னி இன்னும் சாப்ட வரல, யாராச்சும் பாத்தீங்களா?” என்றுதான் கேட்பார்.

வண்டிக்கு ஸ்டெப்னி டயர் மாதிரி, எதை வாங்கினாலும் கூட ஒன்று சேர்த்து இரண்டாக வாங்குவார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே ஒரு கண்ணாடி. இரண்டு கையிலும் கடிகாரம். அவை இரண்டும் ஒரே மணியைக் காட்டியதாகச் சரித்திரம் இல்லை. “அதுக்கு இன்னா? நடுவுல ஒரு டைம் எடுத்துக்க வேண்டியதுதான்” என்பார். அவருடைய கல்யாணத்துக்கு மேளக்காரர் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு கோஷ்டிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்திருக்கிறார். இரண்டும் வந்துவிட்டன. இரண்டும் போட்டி போட்டு வாசித்ததில், ஐயர் சொன்ன மந்திரம் இன்றுவரை யார் காதிலும் விழவில்லை.

ஒருமுறை செம்பாக்கம் ஏரி ஓரத்தில், கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தியின் செருப்பு அறுந்துவிட்டது. அண்ணன் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பெருமையோடு ஒரு ஸ்டெப்னி செருப்பை எடுத்து நீட்டினார். அது இடது கால் செருப்பு. அவளுக்கு அறுந்தது வலது.

“எப்பவும் இடதுதாம்மா அறுவும்” என்றார், தப்பு அவள் காலில் இருப்பதுபோல. அவள் இரண்டு இடது கால்களோடு கல்லூரிக்குப் போனாள்.

எனக்கு அவர் பழக்கமானது அப்பாவால். அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அரசாங்கத்தில் எங்களைக் கரையோரக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்; கடலை யாரும் கூடவே கொண்டுவந்து வைக்கவில்லை. அதனால் விடிவதற்கு முன் அப்பாவைக் கானத்தூர் கரைக்குக் கொண்டுபோய் விடுவது ஸ்டெப்னி அண்ணனின் முதல் சவாரி. மீன் வாடைக்கு வண்டியில் ஊதுபத்தி வைத்திருப்பார். ஒன்று எரியும், ஒன்று காத்திருக்கும்.

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். போனதோடு நிற்காமல் மெக்கானிக்கல் டிப்ளமோவும் முடித்தேன். சிட்லபாக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை. கரண்ட் போனதும் அடுக்குமாடி வீடுகளின் கீழே உறுமுமே டீசல் இன்ஜின், அதன் வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்த்து மூடுவது என் தொழில். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருப்பதற்கா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன்?

ஒருநாள் படகு முதலாளி அப்பாவிடம், “அடுத்த மாசத்துலேருந்து என் மச்சான் பசங்கள வெச்சு ஓட்டிக்கிறேன்பா, நீ வேற எடம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா மீன் குழம்பைத் தொடவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய துக்கம் கிடையாது.

“நைனா, நாமளே ஒரு போட்டு வாங்கிடலாம். பழசா இருந்தாலும் சரி. இன்ஜின நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். “மெய்யாலுமா?”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு கப்பலே வாங்கியிருப்பேன். என் சேமிப்பு, அம்மாவின் வளையல், மகளிர் குழுக் கடன் மூன்றையும் கூட்டினால் டீசல் இன்ஜினோடு ஒரு பழைய பைபர் படகுக்கு வந்தது. ஒன்றுக்குத்தான் வந்தது. தப்பான படகை வாங்கிவிட்டால் சரியானதை வாங்க எதுவும் மிஞ்சாது.

இதைத்தான் அத்தை பந்தியில் ஒலிபரப்பினார். மறுநாளே ஸ்டெப்னி அண்ணன் வாசலில் வந்து நின்றார். “செகண்ட் ஹேண்டு வண்டி வாங்கறதுன்னா நான் இல்லாமயா பாப்பா?”

“அண்ணா, இது போட்டுண்ணா.”

“டீசல்ல ஓடுதுல்ல? அப்போ வண்டிதான்.”

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கரைக்குப் போனோம். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு புரோக்கர் காத்திருந்தார். மணலில் மூட்டைகள் மேல் ஒரு நீலப் படகு, மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. அப்பா மூச்சுவிட மறந்துவிட்டார். ஸ்டெப்னி அண்ணன் படகைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்ப்பதுபோல ஓர் உதை விட்டார். காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நொண்டினார். பிறகு விசாரணை ஆரம்பமானது.

“எத்தினி கிலோமீட்டர் ஓடிக்கீது?”

“கடல்ல ஏதுண்ணா கிலோமீட்டரு?”

“மீட்டர கழட்டிட்டியா?”

“மீட்டரே கெடையாதுண்ணா!”

“சரி, பிரேக் எங்க கீது?”

“போட்டுக்கு பிரேக்கு இல்லண்ணா.”

அண்ணன் என் பக்கம் திரும்பி, காதோடு காதாக, கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பாப்பா, பிரேக் இல்லாத வண்டிய நம்ம தலையில கட்டப் பாக்கறான்.”

நான் அதற்குள் இன்ஜின் பெட்டியைத் திறந்திருந்தேன். தலைப்பகுதியில் கை வைத்தால் சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான டீசல் இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். அதன் நோயெல்லாம் ஆறிய பிறகுதான் தெரியும்.

“ஆறட்டும். அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பேன்.”

“அட, வெயில்ல கெடக்குதும்மா, அதான் சூடு. வேற பார்ட்டி வந்துகினே கீறாங்க. அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்கு, இல்லாங்காட்டி அவங்களுக்கு.”

வேறு பார்ட்டி என்றதும் அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. அடுத்த மாதம் அவரை விரட்டிக்கொண்டிருந்தது. “குடுத்துடலாம்மா” என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நடுவில் ஒரு மஞ்சள் பை நுழைந்தது.

“நிறுத்து நைனா! எலுமிச்சம்பழம் வெக்காம துட்டு கைமாறக் கூடாது” என்றார் ஸ்டெப்னி அண்ணன்.

பையில் நாலு பழமும், நீங்கள் எதிர்பார்த்தபடி, ஒரு ஸ்டெப்னி பழமும் இருந்தன. அவர் குனிந்தார். படகின் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். நிமிர்ந்து மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்:

“இன்னாப்பா இது, சக்கரத்தயே காணோம்?”

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டார்கள். யாரோ, “சக்கரம் பஞ்சர் ஒட்டப் போயிருக்குது தலைவா!” என்று குரல் கொடுத்தார். அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாலு மூலைக்கு ஒன்றாக, சக்கரம் இருந்திருக்க வேண்டிய இடங்களில் பழங்களை வைத்தார். ஐந்தாவது கைதவறி உருண்டு படகுக்கு அடியில் போய்விட்டது.

“போனா போவுது, வுடுண்ணா” என்றார் புரோக்கர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

“அது எப்பிடிப்பா? ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுக்கறதா?”

மணலில் மல்லாந்து, படகுக்கு அடியில் ஊர்ந்து போனார். முதலில் தலை மறைந்தது, பிறகு வயிறு சிக்கி, முனகி, அதுவும் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவரைப் பார்த்து அப்பா ஓரடி பின்வாங்கினார். நெற்றி நீலம். தலைமுடி நீலம். மேல் கண்ணாடி நீலம். கையிலிருந்த எலுமிச்சம்பழமும் நீலம்.

“பாப்பா, அடியில மழ பெய்யுதும்மா” என்றார்.

காயாத பெயின்ட்! அடுத்த நிமிடம் ஸ்பேனரோடு அடியில் நான் கிடந்தேன். சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே ஓட்டை அடைக்கப் பூசுகிற பட்டி, பட்டிக்குக் கீழே என் முழங்கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நான் எழுந்து வந்தபோது புரோக்கர் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். வேறு பார்ட்டி கடைசிவரை வரவே இல்லை.

பெயின்ட் அண்ணனின் தலையைவிட்டுப் போக மறுத்தது. அதைவிட வேகமாகக் கதை கரையெல்லாம் பரவியது. அடுத்த ஞாயிறு பக்கத்துக் கரையில் வேறொரு படகைப் பார்க்கப் போனால், விற்கிற அக்கா தூரத்திலேயே கண்டுகொண்டார். “நீலத்தல பார்ட்டியா? வாங்க வாங்க. மொதல்ல அடியப் பாத்துருங்க. அப்புறமாத்தான் பேச்சு.”

அவர் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டப் போய்விட்டாராம். வெளுத்துப்போன படகு, அழகே இல்லாத படகு. அடியில் ஒரு கீறல் இல்லை. இன்ஜினில் கை வைத்தேன். குடத்துத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். இருமியது. மறுபடி சுற்றினேன். இருமி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு, தட் தட் தட் என்று பிடித்துக்கொண்டது பாருங்கள்! அந்தத் தாளத்தில் ஒரு அடிகூடத் தப்பவில்லை.

“நைனா, இதுதான்! இதேதான்!” என்று கத்தினேன்.

படகைக் கடலுக்குத் தள்ள உருளைக் கட்டைகளைப் போட்டபோது, ஸ்டெப்னி அண்ணனின் முகம் பிரகாசமாகிவிட்டது. சக்கரம் கிடைத்துவிட்டதே! கட்டைகளுக்கு முன்னால் பழங்களை வைத்தார். ஏலேலோ சத்தத்தோடு எல்லாரும் தள்ள, பட் பட்டென்று அவை நசுங்கின. அப்பா சுக்கானைப் பிடித்து நின்றார், முதன்முறையாகத் தன் படகில். அலையைத் தாண்டும்போது அவர் திரும்பி, இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்த பார்வையை, இந்தப் பத்திரிகையில் எத்தனை பக்கம் கொடுத்தாலும் என்னால் எழுத முடியாது.

தண்ணீரென்றால் நடுங்குகிற ஸ்டெப்னி அண்ணனும் ஏறியிருந்தார். “ஒரு ஆள் எக்ஸ்ட்ரா இருக்கட்டும்” என்று காரணம் சொன்னார். ஒரு கையால் பலகையையும் மறுகையால் ஐந்தாவது பழத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எதிரே ஒரு படகு வந்த சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில், “மேடவாக்கம், கேம்ப் ரோடு, தாம்பரம்! ஏறு ஏறு, எடம் கீது!” என்று கூவினார். அந்தப் படகுக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

அத்தை இப்போது எங்கள் படகு மீனைத்தான் வாங்குகிறார். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்தது. அதனால் போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். காலையில் பெண்களுக்கான நேரம். ஆண்களுக்கு அனுமதி இல்லை.

முதல் நாள். இடுப்பளவுத் தண்ணீரில் பல் தந்தியடிக்க நின்றேன். கம்பிக் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது.

“டியூபெல்லாம் உள்ள வுட மாட்டாங்கய்யா, கெளம்பு!”

“உள்ள வேணாம் சார். நான் சும்மா இங்கயே நிக்கறேன்.”

எட்டிப் பார்த்தேன். இரண்டு தோளிலும் இரண்டு லாரி டியூப். இன்னும் முழுசாகப் போகாத நீல முடி. காலைச் சவாரியை விட்டுவிட்டு, இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

பயம் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன்.