ஆமென் கேட்காத கம்ப்யூட்டர்

தக்கலை
சனிக்கிழமை

பிரியமுள்ள மகன் டெனிஷுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். பஹ்ரைனில் நீயும் மருமகள் பிரீனாவும் பேரன் சிஜினும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். என் பட்டன் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் இந்த ஈமெயில்.

லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தைப் போட்டுவிட்டுப் போனாயே, அது போன ஞாயிறு வீடியோ காலில் நாம் செய்த குடும்ப ஜெபத்தின்போது ஊமையாகிவிட்டது. உங்கள் முகம் தெரிந்தது, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. நான் பாட்டுக்கு இங்கே பாடினேன், நீங்கள் எந்தச் சரணத்தில் நின்றீர்களோ தெரியாது. பிறகு நீ கண்ணை மூடினாய், நானும் மூடினேன். ஆமென் காதில் விழாமல் எப்படிக் கண்ணைத் திறப்பது? முப்பத்தைந்து வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்! கால் மரத்துப்போய்த் திறந்து பார்த்தால் திரையில் ஒருவரும் இல்லை. "தாத்தா உறங்கியாச்சு" என்று சிஜின் சொன்னதாக நீ மறுநாள் போனில் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை டிவி ரிப்பேர் ஸ்மைலினைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மாட்டினான், பின்னால் போய்ப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "சாரே, ஸ்பீக்கருக்கு ஒரு கேடும் இல்ல. இந்த லினக்ஸு எனக்கு அறியாது. ஒங்க மவன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லி, சாயா குடித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "அப்பா, கறுத்த ஸ்கிரீன்ல நான் சொன்னத அடிச்சியளா? மாஸ்டருக்குக் கீழ ரெண்டு எம் நிக்குதா? அதுதான் சத்தத்த அடச்சி வச்சிருக்கு. கீபோர்டுல எம்ம ஒருக்கா அமுக்குங்க. கேக்குதா?" கேட்கவில்லை என்றேன். செவ்வாய்க்கிழமை பாஸ்வேர்ட் போடச் சொன்னாய். உன் அம்மாவின் பெயரை எட்டு தடவை அடித்தேன், ஒரு எழுத்துகூடத் திரையில் வரவில்லை. "அது அப்படித்தான் அப்பா, அடிச்சா காட்டாது" என்றாய். நல்ல சிஸ்டம்! புதன் ஏதோ அப்டேட், வியாழன் ரீஸ்டார்ட், நேற்று முழுக்க ஸ்பீக்கர் வயரைச் செருகிய ஓட்டை பச்சையா ரோஸா என்ற விசாரணை. ஆறு மணிக்கே நான் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. இந்த லினக்ஸை எடுத்துவிட்டுப் பழையதையே போட ஒரு வழி சொல்.

பிரீனாவுக்கு என் அன்பு, சிஜினுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அப்பா,
தங்கையன்

பி.கு.: பொய்யோடு கடிதத்தை முடிக்க மனசு வரவில்லை. திங்கட்கிழமை நீ சொன்னபடி அந்த எம் எழுத்தை அமுக்கியதுமே சத்தம் வந்துவிட்டது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. நீ தினமும் "கேக்குதா அப்பா?" என்று கேட்டாய், கேட்கவில்லை என்று நான் சொன்னால் மறுநாளும் கேட்பாய் என்று தெரிந்துகொண்டேன். லினக்ஸ் அங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமையும் கூப்பிடு. காரணம் வேண்டுமென்றால் அதற்குள் பிரிண்டரைக் கெடுத்துவைக்கிறேன்.