ஆட்டோவுக்குள் ஒரு தனி இடம்

மகளிர் காப்பகம்,
வேலூர்.

அன்புள்ள தம்பி செந்தில்குமாருக்கு, அக்கா மீனாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நாம் இருந்த ஆம்பூர் வீட்டை நீ விற்றதும், நான் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் பழைய கதை. உன் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

விஷயம் என்னவென்றால், வீடில்லாத பெண்கள் மனசுவிட்டுப் பேசட்டும் என்று சென்னையிலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா வாராவாரம் போனில் வீடியோவில் வருகிறார். அந்தப் போன் என் பொறுப்பு. முதலில் பேச வேண்டியவள் ஷஹீன் பானு. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள், இங்கே வந்ததிலிருந்து வாயே திறக்காதவள். எங்களுக்கு இருப்பதோ ஒரே ஹால். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் அவள் ஓவென்று அழுதாள். அழுவுறவள தனியா விடுற பழக்கம் நமக்கு ஏது? யார் செத்தாங்கன்னுகூடக் கேக்காம, எங்களோட தங்கியிருக்கிற தனகோடி தலையை விரிச்சுப் போட்டு ஒப்பாரியை எடுத்துட்டா, மத்தவங்க வட்டமா உட்கார்ந்து மாரடிக்க, டாக்டரம்மா "என்னாச்சு, என்னாச்சு"ன்னு கத்த, ஷஹீன் தன் அழுகையை நிறுத்திட்டு எங்களைத் தேத்த ஆரம்பிச்சுட்டா.

தனி இடம் இல்லாட்டி அந்தப் பொண்ணு பேசவே மாட்டான்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. வாசல்ல ஷேர் ஆட்டோ நிறுத்துற வாஹித் பாஷா அண்ணன், "இன்னாக்கா, இதுக்குப் போய் பேஜார் ஆவுறே? நம்ம வண்டியில உட்கார்ந்து பேசட்டும்"னார். மழைக்குப் போடுற படுதாவை இறக்கிவிட்டோம். ஆனா ஷேர் ஆட்டோவுல ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா ஊர் சும்மா விடுமா? வண்டி கிளம்பப் போவுதுன்னு ஒரு பெரியம்மா கூடையோட ஏறிட்டாங்க. நான் கையைப் பிடிச்சு இறக்கினா, "எடம் இருக்குதில்ல, இன்னாத்துக்கு இழுக்கிறே?"ன்னு சண்டை. கடைசியில் வண்டியைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, நானும் பாஷா அண்ணனும் தள்ளி நின்னுகிட்டோம். ஷஹீன் பேசிட்டா, தம்பி! திரும்பி வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இந்தப் பேச்செல்லாம் தேவைப்படாது. மத்தவங்களுக்குக் காவல் நின்னாப் போதும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாம நல்லா இருங்க.

இப்படிக்கு,
அக்கா மீனாம்பாள்

பி.கு.: தபால்ல போடறதுக்குள்ள என்னையும் ஆட்டோவுல ஏத்திட்டாங்க. வருத்தம் இல்லைன்னு மேலே எழுதினது சுத்தப் பொய். டாக்டரம்மாகிட்ட முழு நேரமும் உன்னைத்தான் திட்டினேன், பாதிகூட முடியலை. மீதியை ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து வாங்கிக் கட்டிக்கோ. சாப்பிடாம வா, இங்கேயே சாப்பிடலாம்.