எர்த் போல்ட்டுக்கு விடைகொடுத்த மோகன்குமார்

கோயமுத்தூரில் மனிதத் தவறுகளுக்கு நிரந்தரமாக முடிவு கட்டப்பட்ட நாள், கணபதி ஏரியாவுக்கு அப்பால் இருக்கும் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியில் புது மென்பொருள் ஏறிய நாள்தான். அதற்குப் பிறகு அங்கே யாரும் தவறு செய்யவில்லை. எல்லாம் 'முறைப்படி' நடந்தது.

ஒரு கிரைண்டருக்கு என்னென்ன பாகம் தேவை என்கிற பட்டியல் அந்த மென்பொருளுக்குள் குடியேறியது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆபீசில் 'பாம்' என்பார்கள். அதைக் காக்கும் பொறுப்பை ஜெனரல் மேனேஜர் பாலுசாமி, மோகன்குமாரிடம் ஒப்படைத்தார். மோகன்குமாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாலையில் டவுன் பஸ்ஸில் நின்றபடியே மனைவி நித்யஸ்ரீக்குப் போன் போட்டார்.

"பாம் இனிமே என் கையிலதான் அம்மிணி. நான் நெனச்சா எப்ப வேணாலும் மாத்துவேன்."

பக்கத்தில் நின்றவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

பதவியேற்ற வேகத்தில் மோகன்குமார் 'பட்டியல் தூய்மை இயக்கம்' தொடங்கினார். ஒரே அளவு போல்ட் இரண்டு இடத்தில் வருகிறதே என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் வருத்தப்பட்டது. ஒன்று மோட்டாரைத் தாங்கும் போல்ட். மற்றது எர்த் வயரை கிரைண்டரின் உடம்போடு சேர்த்து முடுக்குவது. கசிகிற கரன்ட் ஆளைத் தொடாமல் பூமிக்கு இறங்க அதுதான் வழி. மோகன்குமார் ஒரு கணம் யோசித்தார். ஆனால் யோசனைக்கென்று திரையில் கட்டம் ஏதும் இல்லை. எர்த் போல்ட்டுக்கு நேரே இருந்த 'நீக்கு' என்பதை அழுத்தினார்.

அசெம்பிளியிலிருந்து போல்ட் கேட்டு வந்தவர்களிடம் ஸ்டோர்ஸ் பிரவின்குமார் தெளிவாகச் சொன்னார்: "பாம்ல இல்லீங்க. இல்லாததைக் குடுத்தா எனக்கு மெமோ வருமுங்க."

அந்தரத்தில் நின்ற எர்த் வயருக்கு டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்தார்கள். கிரைண்டர் ஓடியது. மாவும் அரைபட்டது. ஆயுதபூஜையன்று பாலுசாமி, பட்டியலை இளைக்க வைத்த மோகன்குமாருக்குச் சால்வை போர்த்தினார்.

ஸ்டாஃப் விலையில் மோகன்குமார் வீட்டுக்கும் ஒரு கிரைண்டர் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, இங்க வாங்க. மாவு வழிக்கப் போனேன், கையை உதறிப்போட்டுதுங்க."

"ஈரக் கையோட தொட்டிருப்பே."

"மாவாட்டறப்ப வேற எந்தக் கைங்க இருக்கும்?"

மோகன்குமார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிரைண்டரைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். டேப் சுற்றிய வயர் சமர்த்தாகப் படுத்திருந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் போல்ட் வாங்கி வந்து தன் கையாலேயே முடுக்கினார். மனைவி என்ன ஏது என்று கேட்டதற்கு, "லூசா இருந்துச்சு" என்றார்.

மறுநாள், போல்ட்டைத் திரும்பச் சேர்க்க 'மாற்றக் கோரிக்கை' எழுதினார். நீக்குவதற்கு ஒரு விரல் போதும். சேர்ப்பதற்கு ஒரு குழுவே கூட வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தொழில்நுட்ப மேம்பாடு' என்று அடக்கமாகக் குறிப்பிட்டார். குழு கூடியது.

"புகார் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்றார் பாலுசாமி.

"எங்கூட்லயே ஷாக் அடிச்சுதுங்க சார்."

"நான் கஸ்டமர் புகாரைக் கேக்கறனுங்க. நீங்க ஸ்டாஃப் விலைக்கு வாங்குனவரு."

அந்த வேறுபாட்டின் நியாயம் மோகன்குமாருக்கு உடனே புரிந்தது.

தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஷ்ரவ்யா மெல்ல வாய் திறந்தார். "எங்கூட்லயும் புடிச்சுதுங்க சார். வெளிய போல்ட் வாங்கி மாட்டிப்போட்டனுங்க."

"நான் எலக்ட்ரீசியனை வரச் சொல்லி மாட்டுனனுங்க" என்றார் கொள்முதல் பிரிவு ஸ்ரீனிவாஸ்.

எல்லோரும் பாலுசாமியைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கூட்டுக்காரி அலறிப்போட்டா. டிரைவர்தான் மாட்டிக் குடுத்தாப்ல."

அறையில் திடீரென ஒரு குடும்பப் பாசம் நிலவியது. ஒவ்வொருவரும் தனித்தனியே சுமந்த பாரம் இறங்கியதில் முகங்கள் தெளிந்தன. கூட்டக் குறிப்பு அங்கேயே எழுதப்பட்டது: 'குழுவின் கவனத்துக்கு வந்த அனைத்து இயந்திரங்களும் சரிசெய்யப்பட்டுவிட்டன. பட்டியலில் மாற்றம் தேவையில்லை.'

"அப்ப... வித்ததெல்லாம்?" என்றார் மோகன்குமார்.

"புகார் வரட்டுமுங்க. வந்தா முறைப்படி பார்த்துக்கலாம்" என்றார் பாலுசாமி. டீயும் முறுக்கும் வந்தன.

புகார் அந்தியூரிலிருந்து வந்தது, டீலரின் குரலில்.

"மாவு அரைச்சு விக்கற ராசாத்தாக்காவுங்க. கிரைண்டரைத் தொட்டதும் தூக்கி வீசிப்போட்டுது. இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கறாங்க. அவங்க பொழப்பே அந்த மாவுதானுங்க. நான் என்னங்க பதில் சொல்றது?"

"பதிவு பண்ணிடறனுங்க" என்றார் மோகன்குமார்.

புகார்ப் பக்கத்தைத் திறந்தார். 'குறைக்குக் காரணமான பாகம்' என்று கேட்டு, தேர்ந்தெடுக்க ஒரு வரிசையும் தந்தது மென்பொருள். எர்த் போல்ட்டைத் தேர்ந்தெடுக்க அவர் மனதார விரும்பினார். மேலும் கீழும் தேடினார். நீக்கப்பட்ட பாகம் வரிசையில் வராது. வெளியே லாரியில் கிரைண்டர் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். யார் நீக்கியது என்றும் கேட்பார்கள். உட்கார்ந்துகொண்டார்.

வரிசையின் கடைசியில், உருளைக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் கீழே, ஒரு பெயர் மிச்சமிருந்தது: 'பயன்படுத்தியவர்'.

அதை அழுத்தினார்.

மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் சற்று அவசரக்காரர்கள். 'சேமிக்கப்பட்டது' என்பதற்குப் பதிலாக 'வெற்றிகரமாகக் காப்பாற்றப்பட்டது' என்று திரை பச்சை எழுத்தில் அறிவித்தது. காப்பாற்றப்பட்டது ராசாத்தாள் அல்ல என்பது மட்டும் மோகன்குமாருக்குத் தெரிந்தது.