பச்சைச் சட்டி

"மூடி ஆடுதுங்க. எனக்குப் போன்லயே கேக்குது" என்றாள் மனைவி.

நூலகர் அடுப்பைப் பார்த்தார். புதுச் சட்டியின் மூடி துள்ளிக்கொண்டிருந்தது. ஆவியெல்லாம் வெளியே போய், கறி கட்டையாகக் கிடந்தது.

இது அவர் வாங்கிய இரண்டாவது டச்சு ஓவன். பேர்தான் ஓவன், மூடி போட்ட கனத்த சட்டி, அவ்வளவுதான். சின்னத் தீயில் வைத்தால் கறியும் கிழங்கும் தானாகக் குழையும். வீட்டிலிருந்தது பழைய இரும்பு. "அதைத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டு போச்சு. லேசா ஒண்ணு வாங்குங்க, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு மகள் பிரசவத்துக்குப் போனவள்தான். பேரன் இப்போது தவழ்கிறான்.

நாள் முழுக்க மற்றவர்களை 'உஷ்' என்று அடக்கும் நூலகர், வீட்டுக்கு வந்தால் தன்னையும் அடக்கிக்கொள்வார். ஆனால் ஆளில்லாத சமையலறை அவரை என்னவோ செய்தது. அவள் வேண்டும். அதற்குச் சட்டி வேண்டும்.

முதலில் வாங்கியது அலுமினியம். "அடி பிடிக்குமே?" என்றாள். பிடித்தது. புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"மூடி மேல கனமா ஏதாவது வையுங்களேன்" என்றாள் இப்போது.

கைக்குக் கிடைத்தது கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி. ஆவியில் ஊறித் தலையணையாக உப்பியது. நூலகத்துப் புத்தகம்! மறுநாள் தன்னையே கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

அதையும் போனில் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அடுத்து கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொன்றையும் தூக்கி, தட்டி, மூடியைச் சுழற்றிப் பார்த்தார்.

"சார், சட்டி வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை தேடுறீங்களா?" என்றார் கடைக்காரர்.

அன்று மாலை நூலகர் மூச்சு விடாமல் பேசினார். "மெல்லிசு இரும்பு, மேல பூச்சு. அடி பிடிக்கல, மூடி ஆடல. ஒரு கையாலயே தூக்கிட்டேன்!"

மறுமுனையில் அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"என்ன நிறம்?"

"பச்சை."

"ஐயையோ, பச்சையா! எனக்குக் கண்ணுல காட்டக்கூடாதே. வேற பாருங்க."

நூலகர் அலமாரியைத் திறந்தார். அவள் விட்டுப்போன துணிகளில் பாதி பச்சை. ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவளுக்கு வர மனசில்லை, சட்டி வெறும் சாக்கு என்று தோன்றியது.

மறுபடி போன் செய்தார். எடுத்தது மருமகன்.

"மாப்பிள்ளை, ஒளிக்காம சொல்லுங்க. அவளுக்கு இங்க வர இஷ்டமில்லையா?"

மருமகன் குரலைத் தாழ்த்தினார். "அத்தை பெட்டி கட்டி எத்தனையோ நாளாச்சு மாமா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க இவ்வளவு பேசினதே இல்லையாம். வீட்டுக்கு வந்துட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துதான் ஒவ்வொரு சட்டியிலயும் குறை கண்டுபிடிக்கிறாங்க."