வாயால் சொல்லவில்லை, எழுதித்தான் வைத்தேன்

இயேசு மரி சூசை துணை

கள்ளக்குறிச்சி,
சனிக்கிழமை.

உளுந்தூர்பேட்டை வட்டாரக் கூட்டத்தில் நாளைக்கு நடுநாற்காலியில் உட்காரப்போகும் ஐயா அவர்களுக்கு, லாரன்ஸின் தாயார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மருமகள் லிடியாவும் பேத்தி ஏஞ்சலினும் சுகமாக இருக்கிறோம். லாரன்ஸ் சுகமாக இல்லை. அவன் சுகம் உங்கள் கையில் இருப்பதால் உங்கள் சுகத்தை நான் மிகவும் விரும்புகிறேன்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. லாரன்ஸிடம் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றான். தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன், அந்த அளவுக்குத் திருந்திவிட்டேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் உங்கள் ஆட்கள் ஒருவர் பெயரும் வராது. லாரன்ஸ் பெயர் மட்டும் வரும். அது நான் பெற்ற பிள்ளைக்கு நான் வைத்த பெயர், அதில் யாருக்கும் பாத்தியதை இல்லை.

விஷயம் இதுதான். நாளை பூசை முடிந்து பத்து மணிக் கூட்டத்துக்கு லாரன்ஸ் அங்கே வருவான். வந்து, வெள்ளிமலையில் புதிதாக ஆரம்பித்த குழுவை இனிமேல் நான் பார்க்கவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லுவான். நீங்கள் சரி என்று சொல்லிவிடக் கூடாது. தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லாரன்ஸ் டிராக்டர் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். குடித்த காலத்தில், பழுது பார்க்க வந்த டிராக்டரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏரியில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து, ஊர் ஜனம் கயிறு கொண்டு வரும் வரைக்கும் தூங்கியவன். கள்ளச்சாராயச் சாவால் அந்த ஆனி மாதத்தில் நம் ஊர்ப் பெயர் எல்லா டி.வி.யிலும் ஓடியதே, அதற்குப் பிறகு அவன் படுத்திருந்தால் நான் போய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் யாரோ கையைப் பிடித்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் நடக்கும் உங்கள் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். எந்த மருந்தும் கொடுக்கவில்லை, எந்த டாக்டரும் வரவில்லை, குடியை விட்டவர்களே குடிக்கிறவர்களோடு பேசுகிறார்கள் என்றான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று நான் சொன்னேன். அது தப்பு. அதற்கும் இதிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், தனியாக ஒரு கடிதம் எழுதக் காகிதம் இல்லை.

உங்கள் ஏற்பாடு எனக்குப் புரிவதற்கு நாள் ஆனது. கள்ளக்குறிச்சியில் செவ்வாய், சின்னசேலத்தில் வியாழன், திருநாவலூரில் சனி என்று ஊருக்கு ஒரு நாள் வைத்திருப்பது, எந்த நாளில் ஒருவனுக்குக் கை நடுங்கினாலும் பஸ் ஏறிப் போய் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்றான். எல்லா பஸ்ஸும் வந்து போகிற ஊர் என்பதால் மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் உளுந்தூர்பேட்டைக்கு வந்து கலந்து பேசுகிறீர்கள். இதெல்லாம் சரி. ஆனால் தலைவர் யார் என்று கேட்டால் இல்லை என்கிறான்.

"தலைவர் இல்லாம ஒரு சங்கமாடா?"

"ஆறு மாசத்துக்கு ஒருத்தர் சாவி வச்சிருப்பாரும்மா. அவ்ளோதான்."

"உனுக்கு இன்னா குடுத்தாங்க?"

"டீ போட்டுக் குடுத்து டம்ளர் கழுவற வேல."

எங்கள் வீட்டில் தான் குடித்த டம்ளரை எடுத்து நகர்த்தி வைக்காதவன். அன்றைக்கே உங்கள் கூட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

வட்டாரத்துக்கு என்று ஒரு போன் வைத்திருக்கிறீர்களே, மாதம் ஒருவர் வீட்டில் இருப்பது, அது மாசி மாதம் எங்கள் வீட்டில் இருந்தது. லாரன்ஸ் குளிக்கும்போது அடித்தது, நான் எடுத்தேன். ஒரு ஆம்பளைக் குரல், "குடிய வுடணும்னு இந்த நம்பரு குடுத்தாங்க" என்றது. எந்த ஊர் என்றேன், மலைமேல் என்றது. யார் மகன் என்று கேட்க வாயெடுத்தேன், லிடியா முறைத்தாள். அதனால், "சாப்ட்டியா?" என்றேன். "இல்லீங்க" என்றது. "மொதல்ல சாப்புடு. குடிய அப்புறம் வுடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அந்த ஆள் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பெண்டாட்டி பெயர் செங்கம்மாள், அந்தம்மா உங்கள் கூட்டத்தில் இல்லாததால் சொல்லலாம். செங்கம்மாள் புருஷனும் இன்னும் மூன்று பேரும் மலையிலிருந்து செவ்வாய்தோறும் இறங்கி வந்தார்கள். திரும்பிப் போகும் கடைசி பஸ் கூட்டம் முடிவதற்குள் போய்விடும் என்பதால் பாதியில் எழுந்து ஓடினார்கள். பாதிக் கூட்டத்துக்குப் பாதிக் குடிதான் நிற்கும் என்று நீங்களே பேசி, வெள்ளிமலையிலேயே புதன்கிழமை ஒரு குழு போடலாம், வாரம் ஒரு ஊர்க் குழுவிலிருந்து ஒருவர் மலையேறித் துணைக்கு உட்காரலாம் என்று முடிவு செய்து, நடத்தும் பொறுப்பை லாரன்ஸிடம் கொடுத்தீர்கள்.

அந்த மாதமே லாரன்ஸ் குடியை விட்டு ஒரு வருஷம் முடிந்தது. இந்த ஊரில் காது குத்துக்குப் பேனர் வைக்கிறார்கள். கார் வாங்கினால் வைக்கிறார்கள், அதுவும் பழைய கார். என் பிள்ளை ஒரு வருஷம் குடிக்காமல் இருந்ததற்கு வைக்கக் கூடாதா. எட்டுக்கு ஆறு அடியில் இரண்டு பேனர் அடித்தேன். ஒன்று எங்கள் தெரு முனைக்கு, ஒன்று வெள்ளிமலை பஸ் ஸ்டாப்புக்கு. மேலே லாரன்ஸ் கும்பிடு போட்டு நிற்க, கீழே வட்ட வட்டமாக வாழ்த்துவோர் பதினோரு பேர். ஏஞ்சலின் முதல் முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு உங்கள் ஆட்கள் வந்தபோது எடுத்த போட்டோவிலிருந்து பேனர் கடைக்காரர் தலைகளை வெட்டியெடுத்தார். செங்கம்மாள் புருஷன் வாயில் மட்டும் பிரியாணி இருந்தது, அதை எடுக்க முடியாது என்றார். கீழே பெயர், ஊர், தொழில், எல்லாருக்கும் பொதுவாகக் குடியை விட்ட நண்பர்கள் என்று ஒரு வரி.

லாரன்ஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து நின்ற நிற்பை நான் மறக்க மாட்டேன்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"வாழ்த்து போட்டேன்டா."

"யார் பேரையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"நான் எங்கடா சொன்னேன்? வாயத் தொறந்தனா? எழுதித்தான வச்சேன்."

ஐயா, நான் இதைச் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் சூசை. நாற்பத்தொரு வருஷம் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அந்தப் பெயரில் பெரிய புனிதர் ஒருவர் இருப்பதால் ஜெபத்தில்கூட எனக்குத் தொந்தரவு. எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி வேண்டும்போது நான் "மாதா வூட்டுக்காரரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பேன். பங்குச் சாமியார் ஒரு முறை ஏன் என்று கேட்டார், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டில் எழுத்தைத் தொட்டுக் காட்டுவேன். சிலேட்டு கிடைத்தால் எழுதியும் காட்டுவேன், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கையெழுத்தில் நான்தான் முதல். எழுதினால் தோஷம் இல்லை, வாயால் சொன்னால்தான் புருஷனுக்கு ஆயுசு குறையும். அவர் போனது குடியால், என் வாயால் இல்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து, பெயர் சொல்லக் கூடாத கூட்டம் என்று சொன்னால், இதென்ன பெரிய வித்தை, எனக்குப் பழகினதுதானே என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு தப்பும் உண்டு. லாரன்ஸுக்கு உங்கள் கூட்டத்தில் ஒரு ஸ்பான்சர். முதலில் குடியை விட்டவர், பின்னால் விட்டவனுக்குக் கூடவே இருந்து, மனசு தடுமாறும் நேரத்தில் போனில் பேசிப் பிடித்து நிறுத்துவார், அவருக்குத்தான் அந்தப் பெயர் என்று இப்போது தெரிகிறது. எங்கள் தேர்த் திருவிழா நோட்டீசில் சீரியல் லைட்டுக்குச் செலவு செய்கிறவரை ஸ்பான்சர் என்பார்கள். ஆகவே பேனரின் அடியில் பெரிய எழுத்தில் "உபயம்" என்று அவர் பெயரைப் போட்டுவிட்டேன். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். நைனார்பாளையத்தில் உரக்கடை, பச்சைக் கதவு. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். அவர் செவ்வாய்தோறும் கள்ளக்குறிச்சிக்குச் சரக்கு எடுக்கப் போவதாக மாமனார் வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். சரக்கை விடப் போனார் என்பது பேனரைப் பார்த்துத்தான் மாமனாருக்குத் தெரிந்ததாம். "ஆறு வருசமா பொண்ணக் குடுத்தவங்களுக்கே தெரியாம காப்பாத்தி வச்சிருந்தேன், லாரன்சு" என்று மட்டும் போனில் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசி ஆறியிருப்பேன்.

தெரு முனைப் பேனரை லாரன்ஸே அவிழ்த்துவிட்டான், மலையில் இருந்ததை அவன் போவதற்குள் யாரோ எடுத்துப்போய்விட்டார்களாம். அடுத்த செவ்வாய் பதினான்கு பேர் வருகிற கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் ஜெபக் கூட்டம் என்று நினைத்து வந்தவர். வெள்ளிமலைக் கூட்டத்துக்குத் துணைக்கு வர வேண்டியவர்களும் வராமல், லாரன்ஸ் இரண்டு வாரமும் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். டீயை அவனே போட்டு அவனே குடித்து அவனே டம்ளரைக் கழுவியிருக்கிறான். சாப்பிடு என்றால் பசியில்லை என்கிறான். லிடியா என்னிடம் பேசவில்லை, ஆனால் என் காதில் விழுகிற மாதிரி ஏஞ்சலினிடம் பேசுகிறாள். "அப்பா கூட்டத்துக்குப் போறத வுட்டா இன்னா ஆவும்னு உங்க ஆயாவக் கேளு" என்றாள். ஏஞ்சலின் என்னிடம் வந்து, "ஆயா, இன்னா ஆவும்?" என்றது. எனக்குத் தெரியும் என்ன ஆகும் என்று. சூசையிடம் பார்த்தேன்.

அதனால் நேற்று யாரிடமும் சொல்லாமல் வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலை வளைவில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன், மூன்றாவது முறைக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பேனர் இல்லை, மூங்கில் மட்டும் நின்றது. விசாரித்துப் போனால், செங்கம்மாள் வீட்டு வாசலில் பேனர் விரித்துக் கிடக்கிறது, அதன் மேல் சாமை காய்கிறது. லாரன்ஸ் கும்பிட்டபடி சாமைக்கு அடியில் கிடந்தான்.

"அந்தப் போன்ல சாப்ட்டியான்னு கேட்டது நாந்தான்மா" என்றேன்.

"நீங்கதானா? குந்துங்க" என்றாள். "நல்ல கனமான பேனருங்க இது. ஓட்டையே இல்ல."

"உங்க வூட்டுக்காரரு ஏம்மா ரெண்டு வாரமா கூட்டத்துக்கு வரல? மறுபடியும் குடிச்சிட்டாரா?"

"குடிக்கத்தான் போனாரு" என்றாள், ஒளிக்கவில்லை. "வெக்கம். மலையில அத்தன பேரும் பாத்துட்டாங்களேன்னு. சாராயம் விக்கறவன் வூட்டு வாசல்ல போயி நின்னாரு. அவன், யோவ், உன் மூஞ்சி பஸ் ஸ்டாப்புல இருக்குது, குடிய வுட்டவன்னு எழுதியிருக்குது, உனுக்கு ஊத்தினா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க, போன்னு தொரத்திட்டான்."

எனக்குச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. விற்கிறவன் இன்றைக்குத் துரத்துவான், பேனர் சாயம் போனால் கூப்பிட்டு ஊற்றுவான். அதற்குள் அவரே உள்ளேயிருந்து வந்தார். பேனரில் பார்த்ததைவிட வாய் சின்னது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"லாரன்சு அண்ணன் வருவாராங்க?" என்றார்.

"வரமாட்டேங்கறான்பா. என்னாலதான் எல்லாம் போச்சுன்னு உக்காந்துக்கினு இருக்கான்."

"இனிமேலு அவரு வந்தா நான் வர்றேன். மத்தவங்களையும் இட்டாறேன். அவரு இல்லாம அந்த ரூம்ல போயி யாரப் பாத்து என் பேரச் சொல்லுவேன்? பேரு சொல்லணும்னா எதுர்ல கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

ஐயா, அப்போதுதான் எனக்கு உங்கள் கூட்டமே புரிந்தது. ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயரைத் தானே சொல்லி, நான் குடிநோயாளி என்று சொல்கிறார்கள். பெயரைச் சொல்லத்தான் வருகிறார்கள். அவரவர் பெயரை அவரவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் எடுத்துச் சொன்னால் அது திருட்டு. நான் பதினோரு பேரைத் திருடி எட்டுக்கு ஆறில் மாட்டியிருக்கிறேன்.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்வது, லாரன்ஸ் விலகுகிறேன் என்றால், வரும் புதன் மலையில் ஒருவர் தன் பெயரைச் சொல்லக் காத்திருக்கிறார், போய் எதிரில் உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அம்மா, நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான். முதல் இரண்டு வாரம் துணைக்கு யாரையாவது அனுப்புங்கள். உரக்கடைக்காரர் வந்தால், அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை என்று தெரிவியுங்கள், தைரியம் வந்ததும் நானே போவேன். இனி என் ஆயுசுக்கும் உங்கள் விஷயம் ஒன்றும் என்னிடமிருந்து வெளியே போகாது. இது மாதா மேல் சத்தியம், மாதா வூட்டுக்காரர் மேலும் சத்தியம்.

ஆண்டவர் உங்களையும், உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ, அது எனக்குத் தெரியத் தேவையில்லை, அவர்களையும், இன்றைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள் என்று நீங்கள் குடிக்காத நாளை எண்ணுகிறபடியே குறைவில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத,
சூ. உபகாரமேரி,
கோயில் தெரு, மூன்றாவது வீடு.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகுதான் எனக்கு யோசனை வந்தது, பிரித்து எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் எல்லாரும் வாயால்தான் சொல்கிறார்கள், யாரும் எழுதி வைப்பதில்லை. வினையெல்லாம் எழுத்தால்தான் வந்தது. நானோ திரும்பவும் இத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இது யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆவது. ஆகவே தபாலில் போடவில்லை. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் மைக்கில் வண்டி போகும் ஊர் சொல்லிக் கூப்பிடும் காசிநாதன் எங்கள் தெருக்காரர். நாளை பத்து மணிக்கு, சென்னை வண்டியும் திருச்சி வண்டியும் புறப்பட்ட பிறகு, நிதானமாக முதலிலிருந்து கடைசி வரை மைக்கில் வாசித்துவிட்டு உடனே கிழித்துப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கூட்டம் நடக்கும் இடம் வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும் என்றார். லாரன்ஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.